நிக்கல் குளிரும்போது காந்தத் தணிப்பு ஏன் கூடுகிறது?

வவுனியாவில் பௌதிகவியல் இறுதியாண்டில் படிக்கும் தங்கை ஒருவர் கேட்ட கேள்வி இது: "உயர்தரத்தில் தணிப்பு என்றால் உராய்வு என்றுதான் படித்தோம். வெப்பநிலை கூடினால் அணுக்களின் அதிர்வு கூடும், இலத்திரன்கள் அடிக்கடி மோதும், ஆகவே தணிப்பும் கூட வேண்டும். ஆனால் நிக்கலைக் குளிர வைத்தால் தணிப்புக் கூடுகிறது, இரும்பில் பெரிய மாற்றம் இல்லை, காந்தத்தன்மை அற்றுப்போகும் கியூரி வெப்பநிலையை நெருங்கினால் எல்லாவற்றிலும் கூடுகிறது என்று விரிவுரையில் சொன்னார்கள். எது எதனோடு உராய்கிறது, அண்ணா? இங்கே இதைச் செய்து பார்க்கலாமா?"

எதுவும் எதனோடும் உராய்வதில்லை என்பதே சுருக்கமான பதில். காந்தமாக்கத்தின், அதாவது உலோகத்துக்குள் இருக்கும் மொத்தக் காந்தத்தன்மையின், திசை மாறும்போது உலோகத்தின் இலத்திரன்கள் அந்த மாற்றத்துக்கேற்பத் தம்மை மறுபடி அடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவை சற்றுப் பிந்துகின்றன. அந்தப் பிந்துகைதான் தணிப்பாக வெளிப்படுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால், ஒரே மோதல் ஓரிடத்தில் தணிப்பைக் கூட்டுவதும் இன்னோரிடத்தில் குறைப்பதும் முரணாகத் தோன்றாது. ஆனால் அதற்கு முன்னர் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும்.

காந்தத் தணிப்பு என்று நாம் பாடசாலையில் பழகியது வேறொன்று. வீட்டுச் சுவரில் இருந்த பழைய மின்மானியின் அலுமினியத் தட்டு, ஒரு நிலைக்காந்தத்தின் வாய்க்குள் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். தட்டில் தூண்டப்படும் சுழிப்போட்டங்கள் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. போர்க்காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லாதபோது சைக்கிளை நிறுத்தி வைத்து, மிதியை மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டவர்களுக்கு இது கால்களாலேயே தெரியும்: வானொலியின் கம்பியைத் தொடுத்த கணத்தில் மிதி கனக்கும். இவற்றிலெல்லாம் தணிவது ஒரு பொருளின் இயந்திர இயக்கம். காந்தம் அதற்குக் கருவி. உங்கள் கேள்வியில் தணிவதோ காந்தமாக்கத்தின் சொந்த இயக்கம். இரும்புத் துண்டு அசையாமல் மேசையில் கிடக்க, அதற்குள் காந்தமாக்கத்தின் திசை மட்டும் சுற்றி, சுற்றி, ஓய்கிறது.

அந்தச் சுற்று எப்படிப்பட்டது என்பதற்குப் பம்பரம்தான் பொருத்தமான உவமை. மெழுகிய முற்றத்தில் விட்ட பம்பரம் சற்றுச் சாய்ந்ததும் அதன் தலை ஒரு கூம்பு வரைந்துகொண்டு சுற்றும். சாய்ந்த பம்பரம் உடனே விழாமல் இருப்பது அதற்குக் கோண உந்தம் இருப்பதால். காந்தமாக்கத்துக்கும் அப்படியே: அதைச் சுமப்பவை இலத்திரன்களின் தற்சுழற்சிகள், ஆகவே அதனோடு கோண உந்தமும் சேர்ந்தே இருக்கிறது. வெளிக்காந்தப்புலத்துக்குச் சாய்வாக நிறுத்தினால் அது நேரே புலத்தின் பக்கம் திரும்பிவிடாது. புலத்தைச் சுற்றிக் கூம்பு வரையும். இந்தக் கூம்புச் சுற்றின் மீடிறன் ஒரு டெஸ்லாவுக்கு ஏறத்தாழ 28 கிகாஹேர்ட்ஸ். தணிப்பு எதுவும் இல்லையென்றால் அது முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். புலத்தின் திசைக்கு ஒருபோதும் வந்து சேராது. திசைகாட்டியின் முள் வடக்கே பார்த்து நிற்பதற்குச் சுழலியின் உராய்வு தேவைப்படுவது போல, காந்தமாக்கம் புலத்தோடு ஒன்றி நிற்பதற்கும் சக்தியை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். பம்பரத்தோடு ஒரு வேறுபாடு உண்டு: பம்பரம் சக்தி இழந்தால் விழுகிறது, காந்தமாக்கம் சக்தி இழந்தால் நிமிர்கிறது.

இந்த இயக்கத்துக்கான சமன்பாட்டை 1935 இல் லண்டாவும் லிஃப்ஷிட்சும் எழுதினார்கள். தணிப்பு உறுப்பின் வடிவத்தை 1950களின் நடுப்பகுதியில் கில்பேட் மாற்றி எழுதினார். லண்டாவின் வடிவத்தில் தணிப்பைக் கூட்டக் கூட்டக் காந்தமாக்கம் எல்லையின்றி விரைவாகத் திரும்பிவிடும். தணிப்பு மிகப் பெரிதானால் இயக்கம் மந்தமாக வேண்டும் என்ற சாதாரண எதிர்பார்ப்புக்கு அது முரணானது. கில்பேட் தணிப்பைக் காந்தமாக்கம் மாறும் வீதத்துக்கு விகிதசமனாக எழுதியபோது அந்தச் சிக்கல் தீர்ந்தது. அவர் பெயரால் வழங்கும் அல்ஃபா என்ற பரிமாணமற்ற எண்ணையே இன்று எல்லோரும் அளக்கிறார்கள். அறை வெப்பநிலையில் இரும்புக்கு அது ஏறத்தாழ 0.002, கோபால்ட்டுக்கு அதைவிடச் சற்று அதிகம், நிக்கலும் இரும்பும் சேர்ந்த பேர்மலோய்க்கு 0.007 அளவில், நிக்கலுக்கு 0.02 முதல் 0.03 வரை. காந்தமாக்கம் ஓயும் முன்னர் எத்தனை சுற்று வரும் என்பதை, ஒன்றை இரண்டு பை அல்ஃபாவால் வகுத்து மதிப்பிடலாம். அல்ஃபா 0.002 என்றால் ஏறத்தாழ 80 சுற்று, 0.03 என்றால் ஐந்து. இரும்பு நன்றாகச் சாட்டை சுற்றி விட்ட பம்பரம். நிக்கல், ஆணி மழுங்கிய பம்பரம்.

ஆனால் அல்ஃபா என்பது ஒரு பெயர் மட்டுமே. சமன்பாட்டில் அதை எழுதிவிட்டதால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடாது.

முதலில் எதிலிருந்து வராது என்று பார்ப்பது பயனுள்ளது. இரும்பைக் காந்தமாக்கி வைத்திருப்பது இலத்திரன்களுக்கிடையிலான பரிமாற்ற இடைத்தாக்கம். அது மிக வலியது, இலத்திரன்வோற்று அளவில் இருப்பது. ஆனால் அது ஒரு தற்சுழற்சியை இன்னொன்றுக்கு எதிராக மட்டுமே திருப்பும். மொத்தத் தற்சுழற்சியை அதனால் மாற்றவே முடியாது. எல்லாத் தற்சுழற்சிகளும் ஒரே சீராகச் சேர்ந்து சுற்றும்போது, அந்த ஒட்டுமொத்தச் சுற்றைப் பரிமாற்ற இடைத்தாக்கம் எவ்வளவு வலிதாக இருந்தாலும் ஓய வைக்காது. கோண உந்தம் காந்தமாக்கத்தை விட்டு வெளியேறி, அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் பளிங்குச் சாலகத்துக்குப் போய்ச் சேர்வதற்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல்தான் தற்சுழற்சி–ஒழுக்குப் பிணைப்பு. இலத்திரனின் தற்சுழற்சி, அது அணுக்கருவைச் சுற்றி நகரும் ஒழுக்கோடு கட்டுண்டிருக்கிறது; ஒழுக்கோ சாலகத்தின் மின்புலத்தோடு கட்டுண்டிருக்கிறது. இப்பிணைப்பு இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றில் இலத்திரன்வோற்றின் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத சிறிய ஒன்று. சிறிதாக இருந்தும், இதை நீக்கிவிட்டால் தூய உலோகத்தில் சீரான சுற்றுக்கு உள்ளார்ந்த தணிப்பே இராது.

சக்தி எவ்வளவு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 10 கிகாஹேர்ட்ஸில் சுற்றும் காந்தமாக்கத்தின் ஒரு குவாண்டம், அதாவது அது கொடுக்கக்கூடிய மிகச் சிறிய சக்திப் பொதி, ஒரு இலத்திரன்வோற்றின் பத்து இலட்சத்தில் 41 பங்கு. அறை வெப்பநிலையின் வெப்பச்சக்தியோ 0.026 இலத்திரன்வோற்று, அறுநூறு மடங்கு பெரியது. இலத்திரன்களின் பார்வையில் காந்தமாக்கம் மிக மெதுவாக, ஒரு மாட்டுவண்டி திரும்புவது போலத் திரும்புகிறது. அறை வெப்பநிலையில் ஓர் உலோகத்தில் இலத்திரன் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையில் கழிக்கும் காலம் 10⁻¹⁴ செக்கன் அளவு. ஒரு சுற்றுக்கு ஆகும் காலமோ 10⁻¹⁰ செக்கன். ஒரு சுற்றுக்குள் இலத்திரன் ஏறத்தாழப் பத்தாயிரம் தடவை மோதிவிடுகிறது.

இனி முதலாவது பொறிமுறை. காந்தமாக்கத்தின் திசை மாறும்போது, தற்சுழற்சி–ஒழுக்குப் பிணைப்பின் காரணமாக, இலத்திரன்களின் சக்தி மட்டங்கள் சில ஏறுகின்றன, சில இறங்குகின்றன. நிரம்பிய மட்டங்களுக்கும் வெறுமையான மட்டங்களுக்கும் எல்லையாகிய பேர்மி மேற்பரப்பு, ஒவ்வொரு சுற்றிலும் மூச்சு விடுவது போலப் புடைத்தும் ஒடுங்கியும் வருகிறது. செக் நாட்டுப் பௌதிகவியலாளர் கம்பெர்ஸ்கி 1970 இல் இப்படித்தான் இதை விளக்கினார். ஏறிவிட்ட மட்டத்தில் இருக்கும் இலத்திரன் இறங்கிவிட்ட மட்டத்துக்கு மாற வேண்டும். அது மாறுவதற்கு ஒரே வழி மோதல்.

இங்கேதான் உராய்வு என்ற பழக்கச் சிந்தனை நம்மை ஏமாற்றுகிறது. ஆகவே வயலுக்குப் போவோம். இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் பாயும் ஒரு காணியில், அடுத்தடுத்த இரண்டு வயல்களுக்கு நடுவே ஒரு வரம்பு இருக்கிறது; வரம்பில் ஒரு மடை வெட்டியிருக்கிறது. யாரோ ஒருவர் இரண்டு வயல்களின் தரையையும் மாறி மாறி மெதுவாக ஏற்றி இறக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடவாத காரியம்தான், ஆனால் கற்பனைக்குக் காசில்லை. மடை அகலமாக இருந்தால், தரை சற்று ஏறியவுடனேயே நீர் மற்ற வயலுக்குப் போய்விடும். இரு பக்க நீர்மட்டமும் எப்போதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். நீர் உயரத்திலிருந்து விழுந்து சக்தியை இழப்பதற்கு இடமே இல்லை. மடை ஒடுங்கியிருந்தால் நீர் பிந்தும். மட்ட வேறுபாடு கூடும். பிறகு அந்த உயரத்திலிருந்து சளசளவென்று விழும்போது சக்தி வெப்பமாகப் போகும். தரையை ஏற்றி இறக்குபவருக்கு வேலை கனக்கும்.

மடையின் அகலம்தான் மோதல் வீதம். மோதல் அடிக்கடி நடந்தால் இலத்திரன்கள் பிந்தாமல் மாறிக்கொள்கின்றன, இழப்புக் குறைவு. மோதல் அரிதானால் பிந்துகை கூடுகிறது, இழப்பும் கூடுகிறது. எனவே இந்தப் பங்கு மோதலுக்கிடையிலான காலத்துக்கு விகிதசமன். உலோகத்தின் மின்கடத்துதிறனும் அதே காலத்துக்கு விகிதசமன் என்பதால் இதைக் கடத்துதிறன் போன்ற தணிப்பு என்று அழைப்பது வழக்கம். குளிர வைத்தால் சாலக அதிர்வு அடங்குகிறது, மோதல் குறைகிறது, கடத்துதிறன் ஏறுகிறது, அதனுடன் தணிப்பும் ஏறுகிறது. உங்கள் நிக்கல் புதிரின் பாதி இதில் தீர்ந்துவிட்டது.

மற்றப் பாதி இரண்டாவது பொறிமுறையில் இருக்கிறது. முதலாவதில் இலத்திரன் ஒரே பட்டைக்குள், அதாவது நெருங்கி அமைந்த சக்தி மட்டங்களின் ஒரே தொகுதிக்குள், இடம் மாறியது. தற்சுழற்சி–ஒழுக்குப் பிணைப்பு அதை ஒரு பட்டையிலிருந்து வேறொரு பட்டைக்கும் தூக்கிவிட முயல்கிறது. ஆனால் பட்டைகளுக்கிடையிலான சக்தி இடைவெளி, சுற்றின் சிறிய குவாண்டத்தைவிட மிகப் பெரியது. நேராகத் தாவுவதற்குச் சக்திக் காப்பு இடம் கொடாது. மோதல் இங்கே வேறு விதத்தில் உதவுகிறது. அடிக்கடி மோதும் இலத்திரனின் சக்தி மட்டம் கூர்மையாக இராமல் மங்கிப் பரவுகிறது. மோதல் காலம் 10⁻¹⁴ செக்கன் என்றால் அந்தப் பரவல் ஏறத்தாழ 0.07 இலத்திரன்வோற்று. பரவிய மட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது முன்பு அடைபட்டிருந்த வழி திறக்கிறது. எனவே இந்தப் பங்கு மோதல் வீதத்தோடு கூடுகிறது. தடைத்திறன் போன்ற தணிப்பு என்பது இதற்குப் பெயர். வெப்பநிலை ஏற ஏற இது வளர்கிறது. பரவல் பட்டை இடைவெளிகளுக்கு ஒப்பாக வந்ததும் வளர்ச்சி தளர்ந்து தேங்குகிறது.

இந்த இரண்டையும் ஒரே கோவைக்குள் கொண்டுவந்தவரும் கம்பெர்ஸ்கியே. 1976 இல் அவர் எழுதிய முறுக்கத் தொடர்புக் கோட்பாட்டில் இரு பங்குகளும் ஒன்றாக வருகின்றன. தாழ் வெப்பநிலையில் ஒன்று ஏறுகிறது, உயர் வெப்பநிலையில் மற்றது ஏறுகிறது, நடுவில் ஓர் இழிவு இருக்கிறது. அந்த இழிவு எந்த வெப்பநிலையில் விழும், எவ்வளவு ஆழமாக விழும் என்பது ஒவ்வோர் உலோகத்தின் பட்டை அமைப்பையும் பொறுத்தது. 1974 இல் பாகத்தும் லூபிற்சும் மூன்று உலோகங்களிலும் வெப்பநிலையை மாற்றி அளந்து வெளியிட்ட முடிவுகளில், நிக்கலும் கோபால்ட்டும் குளிரக் குளிரத் தெளிவாக ஏறுகின்றன, நிக்கலில் ஏற்றம் பல மடங்கு. இரும்பில் மாற்றம் மிகச் சிறிது. 2007 இல் கில்மோர், இட்சேர்டா, ஸ்ரைல்ஸ் ஆகிய மூவரும் அனுபவ மாறிலிகளைத் திணிக்காமல் பட்டை அமைப்பிலிருந்தே கணித்துக் காட்டியபோது, இரு பங்குகளின் போக்கும், இழிவின் பருமனும் இந்த அளவீடுகளோடு நியாயமாக ஒத்துப்போயின. என் பார்வையில், தூய உலோகங்களின் தணிப்புக்கு மூலம் எது என்ற விவாதம் அத்துடன் பெரும்பாலும் ஓய்ந்தது.

நிக்கலில் ஒரு கிளைக் கேள்வி எழும்: குளிர வைத்துக்கொண்டே போனால் தணிப்பும் முடிவின்றி ஏறுமா? ஏறாது. சில பத்துக் கெல்வினுக்குக் கீழே ஏற்றம் நின்று சமதளமாகிவிடுகிறது. மிகத் தூய நிக்கலில் அந்த வெப்பநிலையில் இலத்திரன் மோதாமல் ஓடும் தூரம் நீண்டு, அளவீட்டுக்காகப் பாய்ச்சும் நுண்ணலை உலோகத்துக்குள் ஊடுருவும் ஆழத்தையே தாண்டிவிடுகிறது. அப்போது காந்தமாக்கம் எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. இலத்திரன் ஒரு மோதலுக்கும் மறு மோதலுக்கும் இடையில் வெவ்வேறு நிலையில் சுற்றும் பகுதிகளைக் கடந்து போய்விடுவதால், பிந்துகையை நிர்ணயிப்பது மோதல் காலமாக இராது, அந்தக் கடக்கும் காலமாகிவிடும்.

கலப்புலோகங்களில் கதை வேறு. பேர்மலோயில் நிக்கல் அணுவும் இரும்பு அணுவும் ஒழுங்கின்றிக் கலந்து கிடப்பதால், எவ்வளவு குளிரிலும் இலத்திரனுக்கு மோதுவதற்கு ஏதாவது அகப்படும். மடை எப்போதும் அகலமாகவே இருக்கிறது. ஆகவே தாழ் வெப்பநிலை ஏற்றம் அதில் தென்படுவதில்லை. தடித்த பேர்மலோயின் உள்ளார்ந்த தணிப்பு வெப்பநிலையோடு அவ்வளவாக மாறாது. இரும்போடு 25 சதவீதம் கோபால்ட் சேர்ந்த கலப்பு இன்னொரு வியப்பு: பேர்மி மட்டத்தில் இலத்திரன் நிலைகளின் அடர்த்தி அதில் மிகக் குறைவு; மாறிக்கொள்ள வேண்டிய இலத்திரன்களே சில என்பதால் தணிப்பும் சிறிது. கோட்பாடு முன்னரே சுட்டிய இதை 2016 இல் அளந்தபோது உள்ளார்ந்த அல்ஃபா பத்தாயிரத்தில் ஐந்து என்று வந்தது. மின்னைக் கடத்தாத காந்த ஒட்சைட்டான இற்றியம் இரும்புக் கார்னெற்றில் அது இலட்சத்தில் சில பங்கு. அங்கே கடத்தும் இலத்திரன்களே இல்லை. உலோகம் ஒன்று அவ்வளவு தூரம் இறங்கி வரும் என்று முன்பு யாரும் எளிதில் நம்பியிருக்க மாட்டார்கள்.

மறுபக்கத்தில் பேர்மலோய்க்குள் சிறிதளவு ஹோல்மியத்தையோ டெர்பியத்தையோ கலந்தால் தணிப்பு எகிறிவிடும். கடோலினியத்தைக் கலந்தால் அப்படி எதுவும் நடவாது. கடோலினியத்தின் 4எஃப் என்ற உள் இலத்திரன் ஓடு சரிபாதி நிரம்பியது, ஒழுக்குக் கோண உந்தம் பூச்சியம். சாலகத்துக்குப் போகும் வாசல் அதில் இல்லை. தணிப்பின் வாசல் ஒழுக்குதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. (கடோலினியத்தின் கியூரி வெப்பநிலை 293 கெல்வின், அதாவது 20 பாகை செல்சியஸ். கிளிநொச்சியின் மதிய வெயிலில் அது அயக்காந்தமாகவே இராது. மார்கழி விடியலிலும் சந்தேகம்தான்.)

இப்போது சூடான பக்கம். இரும்பின் கியூரி வெப்பநிலை 1043 கெல்வின். கொல்லன் உலையில் ஆணியொன்றைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிக் காந்தத்துக்குக் காட்டினால் ஒட்டாது, ஆறி மங்கும்போது சட்டென்று ஒட்டும். கோபால்ட்டுக்கு அது 1388, நிக்கலுக்கு 627. இந்த எல்லையை நெருங்கும்போது அளக்கப்படும் அல்ஃபா ஏறுவதைக் கண்டு, சாலக அதிர்வு கூடியதால் உராய்வு கூடியது என்று சொல்லத் தோன்றும். ஆனால் இதில் பெரும் பங்கு வரைவிலக்கணத்தின் விளைவு. அல்ஃபா என்பது காந்தமாக்கம் தளரும் வீதத்தைக் காந்தமாக்கத்தின் பருமனால் வகுத்து வரும் எண். வெப்பநிலை ஏறும்போது அந்தப் பருமன் சுருங்கி, கியூரி வெப்பநிலையில் பூச்சியமாகிறது. தளரும் வீதம் கொஞ்சமும் மாறாமல் இருந்தாலும் அல்ஃபா ஏறித்தான் காட்டும். ஆகவே வெப்பநிலைச் சார்பைப் பேசும் கட்டுரையொன்றைக் கையில் எடுத்தால், அது அல்ஃபாவைத் தருகிறதா, அதைக் காந்தமாக்கத்தாலும் சுழற்காந்த விகிதத்தாலும் பெருக்கிய தளர்வு வீதத்தைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். இதைக் கவனியாமல் இரண்டு கட்டுரைகளை ஒப்பிட்டு, ஒன்று பிழை என்று முடிவெடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

உண்மையான பௌதிக மாற்றமும் ஒன்று அங்கே உண்டு. கியூரி வெப்பநிலைக்கு அருகில் தற்சுழற்சிகள் ஒன்றோடொன்று சீராக நிற்பதில்லை. காந்தமாக்கத்தின் திசை மட்டுமன்றி நீளமும் மாறுகிறது. நீளம் மாறாது என்ற எடுகோளில் நிற்கும் கில்பேட்டின் சமன்பாடு அங்கே போதாது. 1997 இல் கரானின் தந்த சமன்பாட்டில் திசை மாற்றத்துக்கான குறுக்குத் தணிப்பு, நீள மாற்றத்துக்கான நெடுக்குத் தணிப்பு என இரண்டு வருகின்றன: சாலகத்தோடான அடிப்படைப் பிணைப்பு மாறிலியாக இருந்தாலும், நெடுக்குத் தணிப்பு வெப்பநிலைக்கு நேர்விகிதசமனாக ஏறுகிறது; குறுக்குத் தணிப்பின் குணகம் கியூரி வெப்பநிலையில் மூன்றில் இரண்டு பங்காக இறங்குகிறது. ஆனால் அளவீட்டில் நாம் பார்ப்பது அந்தக் குணகத்தைச் சுருங்கிய காந்தமாக்கத்தால் வகுத்த எண் என்பதால், அது கூடியே தெரியும். ஒரு லேசர்த் துடிப்பால் நிக்கல் படலமொன்றின் காந்தமாக்கத்தை ஒரு பிக்கோசெக்கனுக்குள் பெரிதும் குறைக்கலாம் என்று 1996 இல் காட்டப்பட்ட பிறகு, நெடுக்குப் பக்கம் வெறும் கோட்பாட்டு ஆர்வமாக இருக்கவில்லை. காந்தப் படலத்தை லேசரால் கியூரி வெப்பநிலை வரை சூடாக்கி எழுதும் வன்தட்டுகள் இப்போது சந்தைக்கே வந்துவிட்டன.

இனி அளவீடு, நீங்கள் ஆய்வுக்குப் போவீர்கள் என்றால் இதுதான் உங்களை அதிகம் வாட்டப்போகிறது. தணிப்பை நேரே யாரும் பார்ப்பதில்லை. அயக்காந்தப் பரிவில் நுண்ணலையைப் பாய்ச்சி, காந்தப்புலத்தை மாற்றிக்கொண்டு போய், உறிஞ்சல் உச்சத்தின் அகலத்தை அளக்கிறோம். 1946 இல் கிரிஃபித்ஸ் இந்தப் பரிவைக் கண்டார். அது எதிர்பார்த்த புலத்தில் வராதது ஏன் என்று 1948 இல் கிற்றெல் விளக்கினார். 10 கிகாஹேர்ட்ஸில் அல்ஃபா 0.007 ஆன பேர்மலோய்க்கு அரை உயரத்தில் முழுக் கோட்டகலம் ஏறத்தாழ 5 மில்லிடெஸ்லா. ஆனால் அந்த 5 இல் படலத்தின் சீரின்மையும் இருக்கும். கரடுமுரடான மேற்பரப்பில் சீரான சுற்று உடைந்து குறுகிய அலைகளாகச் சிதறுவதும் இருக்கும். பக்கத்தில் பிளாற்றினம் இருந்தால் கோண உந்தம் தற்சுழற்சி ஓட்டமாக அங்கே கசிவதும் இருக்கும். உள்ளார்ந்த தணிப்புக்குரிய அகலம் மீடிறனோடு நேர்கோட்டில் கூடும், சீரின்மையால் வருவது மாறாது. ஆகவே ஒரே மீடிறனில் அளந்த அகலத்தைத் தணிப்பு என்று எழுதுவது தவறு. பல மீடிறன்களில் அளந்து, கோட்டின் சாய்வை எடுக்க வேண்டும்.

சாய்வும் ஏமாற்றும் என்பதை நான் சொந்தச் செலவில் கற்றேன். மாணவனாக இருந்த காலத்தில் 300 நனோமீற்றர் தடித்த நிக்கல் படலமொன்றைத் திரவ நைதரசனில் குளிர வைத்து அளந்து, சாய்வு கூடியிருக்கக் கண்டு, கடத்துதிறன் போன்ற தணிப்பைக் கண்டுவிட்டேன் என்று மூன்று நாள் மிதந்தேன். வழிகாட்டி ஒரே கேள்விதான் கேட்டார்: "படலம் எவ்வளவு தடிப்பு?" சுழிப்போட்டத்தால் வரும் தணிப்பு, கடத்துதிறனுக்கும் தடிப்பின் வர்க்கத்துக்கும் விகிதசமன். கணக்கிட்டுப் பார்த்தபோது அந்தத் தடிப்பில் அது அறை வெப்பநிலையிலேயே 0.01 அளவு, குளிர வைத்தால் நிக்கலின் கடத்துதிறன் சில மடங்காவதோடு அதுவும் ஏறும். நான் கண்ட ஏற்றத்தில் எவ்வளவு மின்மானித் தட்டின் பழைய விளைவு, எவ்வளவு பேர்மி மேற்பரப்பின் மூச்சு என்று பிரிக்க என்னிடம் வழியில்லாமல் போயிற்று. முன்பு இரண்டும் வேறு என்று எழுதினேனே, மாதிரிக்குள் இரண்டும் ஒன்றாகவே குடியிருக்கும். படலத்தை 20 நனோமீற்றருக்கு மெலிய வைத்தால் சுழிப்போட்டப் பங்கு இலட்சத்தில் ஐந்து வரை விழுந்துவிடும். ஆனால் அவ்வளவு மெல்லிய படலத்தில் இலத்திரன் மேற்பரப்பிலும் மணி எல்லைகளிலும் மோதுவதால் மோதல் காலம் குளிரிலும் பெரிதாக நீளாது, தேடிய ஏற்றமே மறைந்துவிடும். பழைய அளவீடுகளைத் தூய ஒற்றைப் பளிங்குகளில் செய்து, சுழிப்போட்டப் பங்கைக் கணித்துக் கழித்தது இதனால்தான்.

இங்கே இதைச் செய்து பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 77 கெல்வின் வரை இறங்குவது நீங்கள் நினைப்பது போல எட்டாத காரியமன்று. மாடுகளுக்குச் செயற்கைச் சினைப்படுத்த வருபவர் கொண்டுவரும் குடுவையில் இருப்பது அதே திரவ நைதரசன்தான். நுண்ணலை மூலமும் உணரியும்தான் கடினம். அது கைகூடும்வரை, தூய நிக்கல் கம்பி ஒன்றின் தடையை அறை வெப்பநிலையிலும் திரவ நைதரசனிலும் நான்கு முனை முறையில் (மின்னோட்டத்துக்கு இரு முனை, வோற்றளவுக்கு வேறு இரு முனை) அளந்து பாருங்கள். தடை எத்தனை மடங்கு குறைகிறதோ, மோதல் காலம் ஏறத்தாழ அத்தனை மடங்கு நீண்டிருக்கிறது. அதே அளவீட்டை ஒரு நிக்கல்–குரோமிய வெப்பமூட்டிக் கம்பியிலும் செய்யுங்கள். அதில் மாற்றம் மிகச் சொற்பமாக இருக்கும். அந்தக் கம்பி அயக்காந்தமன்று, ஆனால் ஒழுங்கின்றிக் கலந்த அணுக்கள் எந்தக் குளிரிலும் மடையை அகலமாகவே வைத்திருக்கும் என்பதை அது உங்கள் மேசையிலேயே காட்டிவிடும்.